மூன்று வீசைக்குக் கொஞ்சம் குறைவாக

என் அண்ணனை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நாகூர்ப் பக்கத்திலிருந்து ரங்கூனுக்கு வந்து துணி விற்ற குடும்பம். நாகூரை நான் பார்த்ததுகூட இல்லை, கூப்பிடும் முறை மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. அந்த நானா போன வருடம் மழைக்காலத்தில், இடது காறை எலும்பில் ஒரு தகடு பொருத்திய தோளோடு என் வீட்டுக்கு வந்து இறங்கினார். கூடவே ஒரு கேள்வியையும் சுமந்துகொண்டு வந்தார். அவருக்கென்று புதிதாகச் செய்யப்போகும் வேட்டைத் துப்பாக்கி எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்பதுதான் அது.

என்னிடம் கேட்கிற கேள்வியா இது? நான் ரங்கூனின் பபேடான் கடைத்தெருவில் லுங்கித் துணி விற்கிறவள். என் வீட்டுக்காரர் எலிப்பொறி வைக்கவே இரண்டு நாள் யோசிக்கிற மனிதர். ஆனால் நானா கேட்டுவிட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் நானும் என் வாயைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன்.

கடையில் உட்கார்ந்து துணி கிழிக்க மாட்டேன் என்று வாலிப வயதிலேயே வெளிநாடு போனவர் அவர். வட ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் சமையற்காரராகச் சேர்ந்தார். அந்தப் பண்ணையின் காட்டில் எருமைகள் மந்தை மந்தையாகத் திரியும். வெளியூர்க்காரர்கள் அனுமதி வாங்கி அங்கே வேட்டைக்கு வருவார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர், மெல்ல மெல்ல வழி காட்டப் பழகி, கடைசியில் அவர்களோடு துணைக்கு நடக்கிற ஆளாகவே ஆகிவிட்டார். சுடுவது விருந்தாளி. விருந்தாளி குறி தப்பி, காயம்பட்ட எருமை திரும்பிப் பாய்ந்தால், அதை நிறுத்துவது பக்கத்தில் நிற்கும் நானாவின் பொறுப்பு.

அதற்குப் பெரிய வாயுள்ள துப்பாக்கி வேண்டும். தோட்டா என் நடுவிரல் தடிமன் இருக்கும் என்று காட்டினார். அதிலும் அவருக்கு ஒற்றைத் தோட்டா போடும் துப்பாக்கிதான் பிடிக்கும். ஒரு தடவை சுட்டால் திறந்து, பழைய கூட்டை எடுத்துவிட்டு, மறுபடி ஒன்றைப் போட வேண்டும்.

"ஆபத்துக்கு வச்சிக்கிற துப்பாக்கியில ஒரே ஒரு குண்டா? உங்களுக்கு மூளை கலங்கிருச்சா நானா?" என்றேன்.

"ரெண்டாவது இருக்குன்னு தெரிஞ்சா முதலாவது ஒழுங்கா போவாது புள்ள" என்றார்.

அவருடைய பழைய துப்பாக்கி ரொம்ப லேசானது. நடக்க சுகமாக இருக்கும், ஆனால் சுடும்போது எருமை உதைப்பதற்கு முன் துப்பாக்கியே உதைத்துவிடும். பல வருடமாக அந்த உதையை வாங்கி வாங்கி, விரல் விசையைத் தொடும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும் பழக்கம் வந்திருக்கிறது. வெடித்த பிறகு எல்லோரும்தான் இமைப்பார்கள். வெடிப்பதற்கு முன்பே மூடுவதுதான் வியாதி. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காயம்பட்ட எருமை ஒன்று திரும்பிப் பாய்ந்தது. நானா சுட்டார், கண்ணை மூடிக்கொண்டு. திறந்தபோது எருமை மேலே வந்துவிட்டது. தூக்கி எறிந்ததில் காறை எலும்பு முறிந்தது. விருந்தாளி எப்படியோ மறுபடி சுட்டு அதை வீழ்த்தியிருக்கிறார். அல்லா காப்பாற்றினான் என்பதைத் தவிர இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

பண்ணை முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆசுபத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டு, உனக்கென்று அளவெடுத்து ஒரு துப்பாக்கி செய்து தருகிறேன், வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் துப்பாக்கி செய்யும் கிழவர் ஒருவர் வேலையை ஏற்றுக்கொண்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி எடை. அந்த முதலாளியை நான் பார்த்ததே இல்லை. அவருக்காக இன்றும் துஆ கேட்கிறேன்.

நானாவின் பயம் ஒன்றே ஒன்றுதான். புதுத் துப்பாக்கியிலும் கண் மூடினால் என்ன செய்வது? "கண்ணு மூடுற ஆளு அங்க நிக்கக் கூடாது. என்னை நம்பி ஒருத்தன் முன்னால நிக்கிறான்" என்றார். எடை சரியாக வந்தால் பயம் போகும், இல்லையென்றால் அந்த வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தார். விட்டுவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எங்கள் கடையில் காலியாகக் கிடந்த முக்காலியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

சங்கதி இதுதான். பாரம் கூடக் கூட உதை குறையும். அதனால் பாரமாகச் செய்தால் தோளுக்கு நல்லது, கண்ணும் திறந்திருக்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து வெயில் சாயும்வரை புல்லிலும் சேற்றிலும் நடக்க வேண்டும். கை சோர்ந்துவிட்டால், எருமை பாயும் நேரத்தில் துப்பாக்கி மேலே வராது. லேசாகச் செய்தால் வரும், ஆனால் உதைக்கும். எங்கள் கணக்கில் சொன்னால் இரண்டரை வீசையிலிருந்து மூன்றரை வீசைக்குள் எங்கோ ஓர் இடம். பர்மா வீசை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே. அந்த ஒரு வீசை இடைவெளியில்தான் நானாவின் பிழைப்பும், யாரோ ஒருவரின் உயிரும் மாட்டிக்கொண்டு கிடந்தன.

நான் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "மூணரை. இல்லாட்டி நாலு. பீரங்கியே செய்யச் சொல்லுங்க."

"நீயா தூக்கப்போறே?" என்றார் நானா.

சரி, தூக்கிப் பார்த்துவிடுவோம் என்று தொடங்கியதுதான் மற்றதெல்லாம். எதைத் தூக்குவது? ஒரு கட்டையைத் துப்பாக்கி மாதிரி செதுக்கிக் கொடுக்க என் வீட்டுக்காரர் தயாராக இருந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் உளியைக் கீழே வைத்துவிட்டார். ராணுவம் ஆளும் இந்தக் காலத்து ரங்கூனில் அந்த வடிவத்தில் ஒரு விளையாட்டுச் சாமான்கூட வீட்டில் இருக்கக் கூடாது. எந்த நேரத்தில் யார் கதவைத் தட்டி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள் என்று தெரியாது. கட்டையைக் காட்டி, எங்கள் அண்ணன் எருமை வேட்டைக்குப் பழகுகிறார் என்றா சொல்ல முடியும்?

துணிக்கடைக்காரிக்குத் துணியை விட்டால் வேறென்ன தோன்றும். நாற்பத்து நாலு அங்குலப் பன்னா, அதாவது அகலம், உள்ள துணி சுற்றி வருகிற அட்டைக் குழாயும் நானா சொன்ன துப்பாக்கியும் ஏறக்குறைய ஒரே நீளம். குழாய்க்குள் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி, அதற்குள் மணல் அடைத்து, இரண்டு பக்கமும் துணிப்பந்து வைத்து மூடினோம். மேலே பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துணியைச் சுற்றினேன். பக்கத்துப் பேட்டையான லத்தாவில் வாங்கிய, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்து, மணலைக் கூட்டினோம், குறைத்தோம். பபேடானில் துணிச் சுருளோடு நடக்கிற மனிதனை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? தெருவில் இரண்டில் ஒரு ஆள் அப்படித்தான் போகிறான்.

காலையில் தொழுதுவிட்டு நானா சுருளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மொஹிங்கா என்கிற மீன்சாற்றுச் சேமியா விற்கும் கடை, பள்ளிவாசல் தெரு, லத்தாவின் பழக்கடை நெரிசல், திரும்பவும் எங்கள் தெரு. சில நாள் நானும் கூடப் போவேன். இரண்டரை வீசையில் தொடங்கினார். "இதுல ஒண்ணுமே இல்ல" என்றார். மூன்று வீசை ஆக்கினோம். அதுவும் லேசு என்றார். மூன்றரை ஆக்கினோம். வேர்வை வழிந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார். "என் கையி பழைய கையா ஆயிருச்சு புள்ள" என்றார். அன்றைக்கு நான் தேங்காய்ப்பால் சோறு ஆக்கி, மாட்டிறைச்சி ஆணம் வைத்தேன். என் வாய்ச்சொல் பலித்துவிட்ட பெருமை எனக்கு. மூன்றரை வீசை என்று கிலோவில் கணக்குப் போட்டுக் கிழவருக்குச் செய்தி அனுப்பினார் நானா.

கிழவரிடமிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. பாரம்தான், நீ சொன்னால் சரி. அடுத்த வாரம் குழலைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றிவிடுவேன், அந்தப் பருமனுக்கு ஏற்பக் கட்டையையும் செதுக்கிவிடுவேன். அப்புறம் மனம் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். இதுதான் அதன் சாரம்.

அடுத்த வாரம் பிறந்ததும், ஆற்றங்கரையில் இருக்கும் க்யிம்யிண்டைங்கில் உல்லம் மீன் வந்திருக்கிறதென்று யாரோ சொன்னார்கள். உல்லம் என்றால் நானாவுக்கு உயிர். நானும் அவரும் விடியற்காலையில் படகுத்துறைக்குப் போனோம். எடை தீர்மானமாகிவிட்டது என்றாலும் அவர் சுருளை விடவில்லை, பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். மீன் சந்தையில் துணிச் சுருளோடு வந்த மனிதனை அங்கேதான் முதல்முதலாகச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

மீனைப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஐஸ் பாளங்கள் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று சரிவில் பிடி தப்பி வந்தது. தள்ளியவன் கத்தினான். நானா சட்டென்று திரும்பினார். காட்டில் பழகிய உடம்பு, நினைப்பதற்கு முன்பே சுருளைத் தோளிலிருந்து இறக்கி இரண்டு கையிலும் பிடித்து முன்னால் உயர்த்தியது. உயர்த்தத்தான் போனது. இடது கை பாதியிலேயே நின்றுவிட்டது. சுருளின் முன்முனை தொபுக்கென்று கீழே சாய்ந்து மீன்கழுவிய தண்ணீரில் விழுந்தது. வண்டி எங்களை உரசிக்கொண்டு போய் ஒரு கம்பத்தில் மோதி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நானா சுருளை எடுக்கவில்லை. அங்கே கிடந்த மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"கையி வரல புள்ள" என்றார். "எருமையா இருந்தா செத்திருப்பேன்."

அவர் முகம் வெளுத்திருந்தது. ஏன் வரவில்லை? இத்தனை நாள் சிரித்துக்கொண்டே தூக்கிய அதே பாரம்தானே? அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "நானா, காட்டுல துப்பாக்கிய எப்படிப் புடிச்சிக்கிட்டு நடப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக் காட்டினார். வலது கை பின்னால், இடது கை முன்னால். காட்டிய கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

இத்தனை வாரமாக அவர் அதைத் துணிச் சுருளாகத்தான் தூக்கியிருக்கிறார்! வலது தோளில் செங்குத்தாகச் சாய்த்து, வலது கையால் அடியை ஏந்தி. எங்கள் வாப்பா தூக்கியது அப்படித்தான், நான் தூக்குவதும் அப்படித்தான், பபேடானில் அத்தனை பேரும் அப்படித்தான். துணி சுற்றிய சுருளைக் கையில் கொடுத்ததும், சின்ன வயதில் கடையில் வளர்ந்த உடம்பு அதைக் கேட்காமலே தோளுக்கு ஏற்றிவிட்டது. பாரமெல்லாம் தோளெலும்பிலும் முதுகிலும் போய் உட்கார்ந்துகொண்டது. முறிந்த பக்கத்து இடது கைக்கு வேலையே இல்லை. பழம் வாங்கிய பையைப் பிடித்துக்கொண்டு சுகமாக வந்திருக்கிறது. கடையை விட்டு ஓடிப்போனவர் கடல் தாண்டியும் கடைக்காரராகவே இருந்திருக்கிறார். நானும் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன். எனக்கும் அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் சுருளை வேறெப்படித் தூக்குவார்கள்?

முதலில் நான் சிரித்தேன். அப்புறம் அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கிழவரின் கடைசல் ஞாபகத்துக்கு வந்தது.

உல்லம் மீனை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினோம். மின்சாரம் இல்லை, இணையம் படுத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எலிப்பொறிக்கு யோசிக்கிற மனிதர் அன்றைக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகுதான் செய்தி போனது. நிறுத்துங்கள், எடை தப்பு என்று மட்டும் நானா எழுதியிருந்தார்.

பதில் சாயங்காலம் வந்தது. குழலைக் கடைசலில் ஏற்றிவிட்டேன், ஆனால் இன்னும் கத்தி வைக்கவில்லை, இறக்கி வைக்கிறேன், வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ நிதானமாகச் சொல் என்று எழுதியிருந்தார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஏதோ ஒரு தேசத்தில், பெயர் வாயில் நுழையாத ஒரு கிழவர், எங்களுக்காக ஓர் இரும்பை இறக்கி ஓரமாக வைத்தார். நான் அன்றைக்கு அழுதேன். என் வீட்டுக்காரர் மீன் வாங்காததற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இனி சரியாகப் பிடித்துப் பழக வேண்டும், நெஞ்சுக்குக் குறுக்கே. அதைத் தெருவில் செய்ய முடியாது. துணிச் சுருளையே ஆனாலும், ஒரு ஆண் அதை அப்படிப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே மாடிப்படி. பழைய கட்டடம், ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது. படிகள் செங்குத்தாக ஏணி மாதிரி போகும். நானா கீழிருந்து மேலே ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். மேல் தளத்துக்கு வந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே சுருளைத் தோளுக்கு உயர்த்தி, சுவரில் நான் சுண்ணாம்பால் வைத்த பொட்டைப் பார்ப்பார். முன்முனை நடுங்கினால் அந்த எடை வேண்டாம்.

இரண்டரை வீசையிலேயே முதல் சில நாள் நடுங்கியது. அவர் மறுபடி இறங்கிப் போவார். இடது கைக்கு என்று எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன், எனக்கு அப்படித்தான் வரும்.

ஒரு வீட்டு ரகசியத்தை மாடிப்படியில் வைத்து எப்படிக் காப்பாற்றுவது? மூன்றாம் மாடியில் ஒரு பர்மிய ஆன்ட்டி, தனியாக இருப்பவர். முதல் நாளே கதவைத் திறந்து பார்த்தார். வயதான மனிதர் ஒருவர் துணிச் சுருளைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஏறி இறங்குகிறார். என்னிடம் வந்து மெதுவாக, "ஊலே ஏதாவது வேண்டுதல் செய்கிறாரா?" என்று பர்மியத்தில் கேட்டார். ஊலே என்றால் மாமா. நான் பொய் சொல்லத் தெரியாமல் விழித்தேன். கை முறிந்தவர், பழக்குகிறோம் என்றேன். அது உண்மைதான், முழு உண்மை இல்லை, அவ்வளவுதான். அவர் சுருளை ஒருமுறை பார்த்தார். நானா அதைப் பிடித்திருந்த விதத்தையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. "யபாடே, யபாடே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பரவாயில்லை என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் அந்தத் தளத்துப் படியோரம் எப்போதும் இறைந்து கிடக்கும் செருப்புகளெல்லாம் ஒதுக்கி அடுக்கப்பட்டிருந்தன. அதற்கு அடுத்த நாள், மின்சாரம் போனால் இருட்டிவிடும் அந்தத் திருப்பத்தில் பேட்டரி விளக்கொன்று தொங்கியது. ஒரு முக்காலி வந்தது, அதன்மேல் வெந்நீர் போட்ட பிளாஸ்க்கும் கோப்பையும். இரண்டாம் மாடிச் சீனக் குடும்பம் தங்கள் அரிசி மூட்டையைப் படியிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டது. ஐந்தாம் மாடிக்காரர் நானா ஏறி வரும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார், போன பிறகுதான் வெளியே வருவார். ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. வெளியே போய் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது இந்த ஊரில் இந்த வருடங்களில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். வாயை அடக்கத் தெரியாத எனக்கு அது இன்னும் நன்றாகவே தெரியும்.

இரண்டரை வீசை நடுக்கம் இல்லாமல் நின்றது. ஆனால் இரண்டரை பற்றாது, அந்தத் தோட்டாவுக்கு அது உதைக்கும் என்று கிழவர் எழுதினார். மூன்று வைத்தோம், கடைசி மாடியில் முன்முனை ஆடியது. ஒரு வாரம் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றோம். ஒருநாள் மணலை மாற்றி அடைக்கும்போது குழாயின் முன்பாதியில் கொஞ்சம் குறைவாகவும், பின்பாதியில் இரண்டு கைக்கும் நடுவே வருகிற இடத்தில் கூடவும் போட்டுவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, அவசரம். தராசில் அதே எடைதான். நானா ஏறிப்போய் உயர்த்தினார். சுண்ணாம்புப் பொட்டுக்கு நேராக முனை அசையாமல் நின்றது.

"இதுல என்னா எடுத்தே?"

"ஒண்ணும் எடுக்கல நானா. இடம் மாத்துனேன்."

இதைக் கிழவருக்கு எழுதியபோது அவர் பெரிய கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பினார். எவ்வளவு என்பதை மட்டும் நீ சொல், எங்கே என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் அது எனக்குச் சுலபம் என்றார். அதன்பின் இன்னும் கொஞ்ச நாள் ஏறி இறங்கியதில், திரும்பத் திரும்ப ஏறினால் மூன்றிலும் முனை லேசாக ஆடுவது தெரிந்து, மூன்று வீசைக்குக் கால் வீசை குறைவு என்று தீர்மானித்தோம். நான் மூன்றாகவே இருக்கட்டும் என்றேன். நானா தலையசைத்து மறுத்தார். "ஏறி முடிச்ச பொறவு தூக்குற கையிதான் சொல்லணும், நீ சொல்லக் கூடாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் சரிதானே.

குளிர் தொடங்கும்போது கிளம்பினார். போவதற்கு முதல்நாள் மாடி மாடியாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் மாடி ஆன்ட்டிக்கு ஒரு துணி கொடுக்க வேண்டும் என்றார். அந்தச் சுருளின் மேல் சுற்றியிருந்த பச்சைக் கட்டத் துணியையே கிழித்துக் கொடுக்கச் சொன்னார். மீன் தண்ணீர் பட்ட துணியா என்று நான் சண்டை போட்டு, புதிதாக ஒன்று கிழித்துக் கொடுத்தேன். விமான நிலையத்தில் என் வீட்டுக்காரர், "மச்சான், கண்ணு மூடுச்சுன்னா வெக்கப்படாம வந்துருங்க. கடை இருக்கு" என்றார். நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த மனிதரை எனக்குத் தந்ததற்கு நான் அல்லாவுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. அவரிடம் சொன்னதில்லை.

துப்பாக்கி தயாரான செய்தி வெயில் ஏறிய மாதத்தில் வந்தது. அன்று சுட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரியும். எனக்குக் கடையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாடிக்கைக்காரிக்கு மூன்று கஜம் கேட்டால் நாலு கஜம் கிழித்தேன். சாயங்காலம்வரை ஒரு செய்தியும் இல்லை. மூடியிருப்பார், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்தேன். கடை முக்காலியைத் துடைத்து வைத்தேன். உண்மையைச் சொன்னால், அவர் வந்து அதில் உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவர் அப்படி வந்து உட்காரக் கூடாது என்று அல்லாவிடம் கெஞ்சிக்கொண்டும் இருந்தேன்.

மறுநாள் காலையில்தான் இணையம் எழுந்தது. ஒரு காணொளி வந்து இறங்கியது. அனுப்பியவர் கிழவர். கடையில் ஆட்கள் இருந்தார்கள். துப்பாக்கி வெடிக்கிற சத்தம் எங்கள் தெருவில் கேட்டால் பத்து கடை ஷட்டர் இறங்கும், ஆகவே ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, துணி அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்று போட்டேன்.

கிழவர் குறிப்பலகையைப் படமெடுக்கவில்லை. குண்டு எங்கே போனது என்று அதில் தெரியவே தெரியாது. பக்கத்தில் நின்று நானாவின் முகத்தை மட்டும் எடுத்து, அதையும் மெதுவாக ஓடும்படி செய்து அனுப்பியிருந்தார். நரைத்த தாடி கட்டையோடு ஒட்டியிருந்தது. முன்னால் நீண்ட இடது கை நடுங்கவில்லை. உதடு அசைந்தது, பிஸ்மில்லா சொல்கிறார். விரல் மெல்ல உள்ளே போனது.

அப்புறம் பார்த்தால் துப்பாக்கி கீழே இறங்கியிருந்தது, நானா யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் நடந்ததை நான் பார்க்கவில்லை. குண்டு வெடிப்பதற்கு முன்பே நான் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொண்டு, முதலிலிருந்து போட்டு, இந்தத் தடவை ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நெருப்பு வந்தது, தோள் பின்னால் போனது, கன்னம் அதிர்ந்தது. என் நானாவின் இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன.